கடல் அட்டையும் தலைமையாசிரியரின் வேட்டியும்

படித்ததையெல்லாம் பார்த்ததாக எண்ணிக்கொள்ளாத பட்டதாரியைக் காண்பது அரிது. அப்பிழையை நான் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று, பலர் முன்னிலையில் செய்தேன்.

அறுபதுகளின் இறுதி. விலங்கியலில் முதல் வகுப்பில் தேறி, காரைக்குடியில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியராக இருந்தேன். என்னை நிரந்தரமாக்கும் தாள் தலைமையாசிரியரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அவர் மனத்தைக் கவர எண்ணி, பதினோராம் வகுப்பு மாணவர்களைத் தொண்டிக்கு அழைத்துச் சென்று கடலுயிர்களைத் தொட்டுப் பார்க்கச் செய்வதாக அறிவித்தேன்.

"நானும் வாரேன்" என்றார் அவர். அத்துடன் என் உறக்கம் போயிற்று.

காரணம் உண்டு. அதுவரை நான் கடலுயிர் எதையும் உயிருடன் கண்டதில்லை. கல்லூரிச் சீசாக்களில் பார்மலினில் ஊறி, ரப்பர்போல் விறைத்துக் கிடந்தவற்றையே அறிவேன். (இதை எவரிடமும் சொல்லவில்லை.) பயணத்தன்று பேருந்து தேவகோட்டை வருவதற்குள் கல்லூரிக் குறிப்பேட்டை ஒன்பது முறை புரட்டிவிட்டேன்.

தொண்டியில் சப்பாத்துக் காலுடனேயே கடலில் இறங்கினேன். (மதிப்பு முக்கியம்.) மீனவர் செபஸ்தியான், வெள்ளரிக்காய்போல் உருண்டு நீண்ட ஒரு கடல் அட்டையை என் கையில் வைத்தார்.

"மெதுவாப் புடிங்க சார். அமுக்குனா குடலக் கக்கிப்புடும்."

"இதுல ஆறு அறுத்திருக்கேன், தெரியும்ல?"

"செத்ததையா சார், உசிரோட உள்ளதையா?"

மாணவர்கள் சிரித்தனர். அச்சிரிப்பை அடக்கும் பொருட்டுத் தலைமையாசிரியரை அருகே அழைத்து, அட்டையைச் சாக்பீஸ்போல் இறுகப் பற்றி, "இது முற்றிலும் சாதுவான உயிரினம். இம்முனையே இதன் வாய்..." என்று தொடங்கினேன்.

அது வாயன்று. வாக்கியத்தை நான் முடிக்குமுன், அந்த முனை வழியாக அட்டையின் குடல் முழுவதும் தலைமையாசிரியரின் சலவை வேட்டியில் வந்து விழுந்தது.

செபஸ்தியான் ஆறுதல் சொன்னார்: "பதறாதீக சார். அதுக்குப் புதுக்குடல் முளைச்சுரும்."

"வேட்டிக்கு?" என்றார் தலைமையாசிரியர்.

தாளில் கையெழுத்து விழவில்லை. அவர் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். காலாண்டுத் தேர்வில் அவரே ஒரு வினாவைச் சேர்த்திருந்தார்: 'கடல் அட்டை எப்போது தன் குடலை வெளியேற்றும்?' வகுப்பே ஒரே விடையை எழுதியிருந்தது: 'ஆசிரியர் அமுக்கும்போது.'

என்னை அழைத்தார். விடைத்தாள்களைக் காட்டினார்.

"ஒரு பய தப்பா எழுதலயேய்யா!"

கையெழுத்திட்டார்.

இன்றும் வீட்டில் நான் எதையேனும் விளக்கத் தொடங்கினால், என் துணைவியார் கொடியில் காயும் வேட்டிகளை அள்ளி உள்ளே வைத்துவிட்டு வந்து அமர்கிறார்.

"ம், இப்பச் சொல்லுங்க."