ரிவர்ஸ் அண்ணன்

ஒரகடம் பக்கம் ஓடுகிற அத்தனை கம்பெனி பஸ்களிலும், பெண்டாட்டிக்காகத் தினம் பின்னால் போன ஒரே பஸ் எங்களுடையதுதான். அடித்துச் சொல்வேன். அதன் டிரைவருக்கு நாங்கள் வைத்த பெயர் ரிவர்ஸ் அண்ணன். ஐம்பதைத் தாண்டிய மனிதர்.

அவர் மனைவிக்கு எங்கள் கம்பெனி கேன்டீனில்தான் வேலை. அண்ணன் விடியும்போதே ஷெட்டுக்குப் போய்விடுவார். அக்கா சமைத்து முடித்து, வடக்குப்பட்டு ஸ்டாப்பிங்கில் ஏறுவார். வீட்டில் சமாதானம் என்றால் கரண்ட் கம்பத்தடியில் நிற்பார். சண்டை என்றால் பஸ் வரும் பக்கமாக இருபதடி முன்னாலேயே நின்றுகொள்வார். பெரிய சண்டை என்றால் அதற்கும் முன்னால், டீக்கடை வாசலில். அண்ணனோ கம்பத்தடியில்தான் நிறுத்துவார்.

"ஸ்டாப்பிங் இங்கதான். வேணும்னா நடந்து வரட்டும்" என்பார்.

அக்கா அசைய மாட்டார். பஸ்ஸே வாட்சைப் பார்க்கும்.

"அண்ணே, ரிவர்ஸ் எடுங்க. பஞ்ச் லேட்டாயிரும்லா" என்று திருநெல்வேலிப் பையன் ஒருவன் கெஞ்சுவான்.

"உனக்குக் கண்ணாலம் ஆவட்டும், அப்புறம் பேசு" என்பார். ஒரு நிமிஷம்தான் அந்த வீராப்பு. பஸ் பின்னால் போகும். கதவு சரியாக அக்கா முன்னால் வந்து நிற்கும். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வினை வந்தது. படப்பை கடைத்தெருவில் எதிரே வந்த அக்காவை, யாரோ என்று நினைத்து அண்ணன் தாண்டிப் போய்விட்டார். அன்றே அக்கா இழுத்துப் போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார். கிழவன் மாதிரி இருக்கிறது என்று அண்ணன் அதைப் போடவில்லை. மறுநாளிலிருந்து அக்கா ஷேர் ஆட்டோவில் வர ஆரம்பித்தார்.

மூன்று நாள் கம்பத்தடியில் ஆளில்லை. அண்ணன் அப்போதும் டீக்கடை வரை ரிவர்ஸ் எடுத்தார். "பின்னால நிக்கிறாளா, பாருப்பா" என்று என்னிடம் கேட்டார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, இல்லை என்றேன். மூன்று நாளும் நாற்பது பேருக்கும் லேட்.

பொறுக்க முடியாமல் கேன்டீனில் அக்காவிடம் பேசினேன்.

"வூட்டு சண்டைன்னா தள்ளி நிப்பேன், அவரும் வருவாரு. இது அப்டியா? நாப்பது புள்ளைங்க உசுருப்பா. கண்ணாடி போட்டுக்கினு வந்தாதான் அந்த வண்டியில ஏறுவேன்."

சாயங்காலம் அண்ணனிடம் அப்படியே சொன்னேன். உர்ரென்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, மூக்கின் மேல் கண்ணாடி. அக்கா டீக்கடை வாசலில் நிற்பதைத் தூரத்திலேயே பார்த்து, அங்கேயே பிரேக் போட்டார். ரிவர்ஸுக்கு வேலையே இல்லை. அக்கா ஏறினார். அண்ணன் திரும்பி அவரையே பார்த்தார்.

"இன்னாடி, இம்மாம் நரைச்சிக்கீது?"

"பத்து வருசமா நரைச்சிக்கினுதான் கீது. உனக்கு இப்பத்தான் தெரியுது."

பஸ் முழுக்கச் சிரிப்பு. அண்ணன் கியரைப் போட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. அக்கா முதல் சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கும் இப்போது கல்யாணமாகிக் காது ஓரம் நரைத்துவிட்டது. எங்கள் வீட்டிலும் ஸ்டாப்பிங் தகராறு உண்டு. என் பக்கம்தான் நியாயம் என்று தோன்றும்போதெல்லாம் அந்த மனுஷரை நினைத்துக்கொண்டு, கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கிறேன்.