சுயம்புலிங்கத்தின் பூச்சிகள்

“வாயத் தொறங்க.”

வேப்பங்கொழுந்து உருண்டையோடு எதிரே நின்றாள் மனைவி சண்முகத்தாய். சுயம்புலிங்கம் உதட்டை இறுக மூடிக்கொண்டார்.

“கல்யாண வீட்டுல அம்புட்டுப் பேருக்கும் வயித்தச் சுத்தம் பண்ணியாச்சு. நீங்க மட்டும் பூச்சியோட மணவறையில ஒக்காரப் போறீயளா?”

அந்தப் பூச்சிகளை நம்பித்தான் மகள் கல்யாணமே இருக்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வார்?

ஐந்து வருடமாகப் பெருங்குடலில் புண்; அடிக்கடி வயிற்றுப்போக்கு. நிச்சயதார்த்தத்தன்று நான்கு தடவை பாதியில் எழுந்து ஓடினார். “பொண்ணு குடுக்க இஷ்டமில்லையோ? மணவறையிலயும் எந்திரிச்சா நாங்களும் எந்திரிச்சிருவோம்” என்று சொல்லிவிட்டார் சேத்தூர்ச் சம்பந்தி.

பயந்துபோய் ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் ஓடினார். பரிசோதனைக்கு மலத்தைத் தானே கொண்டுபோகக் கூச்சம். தீப்பெட்டியில் வைத்து மைத்துனன் முத்துவீரனிடம் கொடுத்தனுப்பினார். ரிசல்ட்டில் பூச்சி முட்டை இருந்தது.

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “உங்க உடம்பே உங்க குடலை எதிரின்னு அடிக்குது. பூச்சி இருந்தா அது அடங்குமான்னு வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்றாங்க. புண்ணுக்கு இந்த மாத்திரையைச் சாப்பிடுங்க. பூச்சியைக் கொஞ்ச நாள் தொந்தரவு பண்ணாதீங்க.”

அன்றிலிருந்து வயிறு கப்சிப்.

சண்முகத்தாய் விடுவாளா? வேப்ப உருண்டையை வாயில் ஒதுக்கிக்கொண்டுபோய், கறித்துண்டில் பொதிந்து நாய் வெள்ளையனுக்குப் போட்டார் சுயம்புலிங்கம். மறுநாள் விளக்கெண்ணெய். அதற்கடுத்து பூச்சி மாத்திரை. எல்லாம் வெள்ளையனுக்கே போயின. எலும்பும் தோலுமாய்க் கிடந்த நாய் பத்தே நாளில் பளபளவென்று தேறியது.

“ஒங்க சோறெல்லாம் நாய்க்கா போகுது?” என்று சந்தேகப்பட்டவள், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார ஆரம்பித்தாள்.

கல்யாணத்தன்று காலையில் பாயசம் கொடுத்தாள். குடித்து முடித்ததும் சிரித்தாள். “ரெண்டு பூச்சி மாத்திரையப் பொடிச்சுப் போட்டிருக்கேன்!”

சுயம்புலிங்கத்துக்கு உயிரே போய்விட்டது. மணவறையில் வேர்த்துக் கொட்டியது. சம்பந்தி கண்ணை எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று. வயிறு முனகக்கூட இல்லை. தாலி ஏறியது. சம்பந்தி வந்து கட்டிக்கொண்டார்.

பந்தியில் முத்துவீரனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். “ஏலே, செத்தும் எம் மானத்தக் காப்பாத்திட்டுதுக, எம் பூச்சிக!”

முத்துவீரன் அப்பளத்தை இலையிலேயே வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“வையாதீய அத்தான். அன்னைக்கு நீங்க குடுத்த தீப்பெட்டி வழியில எங்கயோ விழுந்துருச்சு. திரும்பக் கேட்டா வைவீயன்னு நம்ம வெள்ளையன் போட்டதத்தான் அள்ளிக் குடுத்தேன்.”