காண்டிராக்டர் வீட்டில் இல்லாத பொருள்

எவர்சில்வர் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் போன கொளஞ்சி, அதே குடத்தை மடியில் வைத்துக்கொண்டே பெரம்பலூர் திரும்பினார். காண்டிராக்டர் நடராசன் வீட்டுப் பரணில் ஏற்கெனவே வரிசையாகக் குடங்கள் இருந்தன. இரும்புக் கடைக்காரர், பெயிண்ட் கடைக்காரர் எல்லாரும் முந்திக்கொண்டு கொடுத்தவை.

கொளஞ்சிக்கு சிமெண்டுக் கடை. வருஷம் முழுக்க வாங்கியவர்களுக்குப் பொங்கலுக்கு நன்றியாக ஏதாவது கொடுப்பார். சில்லறை வாடிக்கைக்குக் காலண்டர் போதும். நடராசனுக்குப் போதுமா? அவர் வாங்குவதில்தான் கடையே ஓடுகிறது. அவரோ கொஞ்ச நாளாக, "ஒன் சிமெண்டுல பிடிப்பு இல்லய்யா. கல்யாண மண்டபத்துக்கு வேற கடை பாக்கலாம்னு இருக்கேன்" என்கிறார். பரிசு பார்த்து வாங்குவது கொளஞ்சியின் மனைவி மலர்க்கொடியின் இலாகா. அவளோ பூலாம்பாடியில் தாய்வீட்டில் இருந்தாள். மனிதர் தவித்துப் போனார்.

அடுத்து ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுபோனார். நடராசன் வீட்டுக் கூடத்தில் நாலைந்து கடிகாரங்கள் ஆளுக்கொரு நேரம் காட்டிக்கொண்டிருந்தன. ஆனால் கண்ணாடி பீரோவுக்குள் சுண்ணாம்புச் சுரங்கத்தில் எடுத்த, கல்லாகிப்போன கடல் நத்தைகள் இருந்தன. இந்தச் சீமை முழுக்க ஒரு காலத்தில் கடல் என்று நடராசன் கோயிலுக்குள் பேசுகிற குரலில் சொன்னார். கொளஞ்சிக்குப் புல்லரித்தது.

அன்றிலிருந்து அவருக்குக் கல் பைத்தியம். ஊரெல்லாம் தேடிவிட்டு, கடைசியில் வீட்டுக்குப் பின்னால் போகும் ஓடையில் இறங்கினார். வண்டலில் பாதி புதைந்து கிடந்தது அது. படுத்திருக்கும் கன்றுக்குட்டி அளவு. பாசி பிடித்த உடம்பு முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வரிகள். எந்தக் கடலில் நீந்திய பிராணியோ! செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டார்.

ஆள் வைத்து, மாட்டு வண்டியில் ஏற்றி, வாசலுக்குக் கொண்டுவந்தார். விடிந்ததும் அரியலூருக்கு அனுப்புவதாக ஏற்பாடு. விடிந்தபோது கல்லுக்கு மஞ்சள், குங்குமம், மாலை எல்லாம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் தேங்காயே உடைத்துவிட்டாள். இதைக் கிளப்பினால் ஊரில் மழை பெய்யாது என்று ஒரு கூட்டம் வண்டியை மறித்தது. வேறு வழியில்லாமல், வந்து பரிசை வாங்கிக்கொள்ளும்படி நடராசனுக்கே ஆள் அனுப்பினார். இப்படியும் ஒரு மரியாதை உண்டா?

நடராசன் அம்பாசடரில் வந்து இறங்கினார். கல்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூட்டத்தைக் கெஞ்சி அனுமதி வாங்கி, ஒரு சில்லு எடுக்கச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். அப்புறம் ஓங்கியே போட்டார். சுத்தியல்தான் துள்ளியது. கண் கலங்க அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கோடி வருசம் இருக்கும்யா. என்னா பிடிப்பு, என்னா இறுக்கம். மனுசனால செய்ய முடியுமா இத? ஒன் சிமெண்டும் இருக்கே."

மண்டப ஆர்டர் கைவிட்டுப் போகிறது என்று கொளஞ்சிக்குப் புரிந்தது. ஆனாலும் அந்தக் கல்லுக்கு முன்னால் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

பூலாம்பாடி பஸ்ஸில் வந்து இறங்கிய மலர்க்கொடி, பையும் கையுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"ஏங்க, நான்தான் கடைப் பசங்கள விட்டு, சாக்க மட்டும் உரிச்சு வச்சுக்கிட்டு ஓடையில உருட்டிவிடச் சொன்னேன், அத மறுபடி எதுக்கு வூட்டுக்குத் தூக்கியாந்தீங்க? ஐப்பசி மழையில நனைஞ்சு இறுகிப்போன நம்ம கடை சிமெண்டு மூட்டைங்க இது."