கல்லறையில் ஒரு காபியும் என் கல்யாணப் பேச்சும்

பழைய புத்தகம் சேர்ப்பவர்களைப் பற்றி உலகத்துக்கு நல்ல அபிப்பிராயம் இருக்கிறது. நிறையப் படித்தவர்கள், கண்ணாடி போட்டவர்கள், நிதானமாகப் பேசுபவர்கள் என்று. அந்த அபிப்பிராயத்தைக் கெடுக்க என்னால் ஆனதைச் செய்துவருகிறேன். நான் சேர்ப்பது அந்தக் காலத்து மாத நாவல்கள். அதிலும் துப்பறியும் நாவல், பேய் நாவல். அதுவும் கதைக்காக இல்லை, அட்டைக்காக.

முன்னால் ஒரு பெண் துப்பாக்கியோடு நிற்பாள். பின்னால் எலும்புக்கூடு சிரிக்கும். மூலையில் ஒரு வெளிநாட்டுக் கார் தீப்பிடித்து எரியும். உள்ளே போய்ப் படித்தால் காரும் இருக்காது, எலும்புக்கூடும் இருக்காது. ஏதோ ஒரு ஜமீன் வீட்டில் அட்டிகை காணாமல் போயிருக்கும். (படம் போட்டவரிடம் யாரும் கதையைச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தாலும் அவர் காதில் வாங்கியிருக்க மாட்டார்.) எனக்கு அந்தத் துணிச்சல் பிடிக்கும்.

அம்மாவுக்குப் பிடிக்காது. "வயசுப்பிள்ள கட்டிலுக்கு அடியில பேயையும் பிணத்தையும் வச்சிட்டுத் தூங்குனா எவன்ட்டி வந்து கட்டுவான்" என்பாள். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சாமுடைய சம்பந்தம் வந்தபோது, எனக்குப் போடப்பட்ட முதல் நிபந்தனை, புத்தகப் பேச்சை எடுக்கவே கூடாது என்பதுதான். சாம் சுந்தரபாண்டியத்தில் கணக்கு வாத்தியார். பெண் பார்க்க அவரும் அவருடைய அம்மாவும் வந்து போனார்கள். சாமின் அப்பாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. பதிலுக்கு எங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள்.

அந்த ஞாயிறு காலையில்தான் எங்கள் ராஜபாளையத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கும் காஜா பாய் போன் செய்தார்.

"பாப்பா, ஒரு கட்டு வந்திருக்கு. எல்லாம் கத்தியும் ரத்தமுந்தான். இப்ப வரலேன்னா பொட்டலம் மடிக்கப் போயிரும்."

இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படித் தாங்குவாள்? பஸ் ஸ்டாண்டில் அம்மாவை நிற்கவைத்துவிட்டு, "தலைக்குப் பூ வாங்கிட்டு வாரேன்" என்று ஓடினேன். பூ இல்லாமல், உப்பிய பையோடு திரும்பினேன்.

"பூவு எங்கட்டி?"

"வாடிப்போய் இருந்துச்சும்மா."

"பை என்ன இம்புட்டுக் கனம் கனக்கு?"

"பைபிள்."

அம்மாவின் முகம் கனிந்துவிட்டது. பஸ்ஸில் அவள் அசந்த நேரம் பார்த்து நான் கட்டைப் பிரித்தேன். மேலேயே இருந்தது 'கல்லறையில் ஒரு காபி'. வரைந்த அட்டை இல்லை, போட்டோ. ஊதாச் சேலை கட்டிய ஒரு பெண் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறாள். சேலை முழுக்கச் சிவப்பு. பின்னாலிருந்து ஒருவன் அவள் கழுத்தை நெரிக்கிறான். அவனுடைய இரண்டு புருவமும் நடுவில் ஒன்றாகச் சேர்ந்து, நெற்றியில் கம்பளிப்பூச்சி ஏறியதுபோல் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை அந்தப் புருவத்தையே ரசித்துக்கொண்டு வந்தேன்.

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் நல்ல கூட்டம். சாம், அவருடைய அம்மா ரூபி அத்தை, அத்தையின் தம்பி செல்வின் மாமா, சபைப் போதகர். அம்மா உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். "எங்க பிள்ள எங்க போனாலும் பைபிளு கையில இல்லாமப் போகாது. இப்பக்கூட பைக்குள்ளதான் இருக்கு." போதகர் என் பையைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். நான் பையைக் காலுக்கிடையில் இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன்.

அப்போது உள்ளறையிலிருந்து சாமின் அப்பா தனராஜ் மாமா வந்தார். சபைக் கமிட்டியில் மூத்தவர், வெள்ளை வேட்டி, வெள்ளைத் தலை. அந்த வெள்ளைக்கு நடுவே இன்னும் நரைக்காமல், மூக்குக்கு மேலே ஒன்றாகச் சேர்ந்து கிடந்தது கம்பளிப்பூச்சி.

இருக்காது, உலகத்தில் புருவம் சேர்ந்தவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். காதும் அப்படியே விரிந்து இருந்தது. தாடையில் குழியும் இருந்தது.

"சாப்பிடுறதுக்கு முன்னால ஒரு செபம் பண்ணிக்கிடுவோம்" என்று அவரே எழுந்து நின்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். மாமாவின் செபம் நீளமானது என்று சாம் ஏற்கெனவே போனில் எச்சரித்திருந்தார். உலக சமாதானத்தில் தொடங்கி, மழை, விளைச்சல், வன்னியம்பட்டியில் இருக்கும் சொந்தக்காரரின் முழங்கால் வலி வரை போகுமாம். எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. மெதுவாகப் பைக்குள் கைவிட்டு, புத்தகத்தை உருவி, மாமாவின் முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்து, ஒற்றைக் கண்ணைத் திறந்து ஒப்பிட ஆரம்பித்தேன். புருவம் சரி. காது சரி. தாடையைச் சரிபார்க்கப் புத்தகத்தை இன்னும் கொஞ்சம் தூக்கினேன்.

"ஆமென்" என்றார் மாமா.

(கறிக்குழம்பு ஆறுகிறது என்று அத்தை அவர் வேட்டியை இழுத்திருக்கிறார். பிற்பாடு தெரிந்தது.)

எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். கூடத்தின் நடுவே, வருங்கால மருமகள், கழுத்து நெரிபடும் ஒரு பெண்ணைச் சிலுவை மாதிரி உயர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். கையை இறக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

போதகர்தான் முதலில் பேசினார். "இது என்ன புஸ்தகம்மா?"

எத்தனையோ பதில் இருந்தது. பஸ்ஸில் கிடந்தது என்றிருக்கலாம். மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம். நான் சொன்னது இது: "மாமா படம் போட்டிருக்குய்யா."

அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். ரூபி அத்தை வந்து புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினார். படத்தைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"அது வேற யாரோ" என்றார் மாமா.

"மூஞ்சி கிடக்கட்டும்" என்றார் அத்தை. குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. "இது என் சேலை. கல்யாணத்துக்கு எங்கய்யா எடுத்துத் தந்த ஊதாச் சேலை. சலவைக்குப் போட்டது வரலைன்னு சொன்னிய. அந்தச் சலவைக்கார மனுசங்கூட இன்னைக்கு வரைக்கும் நான் பேசுறதில்ல. என் சேலையக் கட்டிக்கிட்டு நிக்கிற இவ யாரு?"

மாமாவின் புருவம் ஏறி இறங்கியது. எனக்கு என் கல்யாணம் நின்றுபோகும் என்கிற பயம் போய், இவர்களுடைய கல்யாணம் நின்றுபோகுமே என்கிற பயம் வந்துவிட்டது.

"உங்களத்தான் கேக்கேன். யாரு இவ?"

மாமா மச்சானைப் பார்த்தார். செபத்துக்கு முன்னால் கூடத்திலேயே அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்த செல்வின் மாமா, செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏலே செல்வின், எங்க போற?"

"செத்த நேரம் வெளிய நின்னுட்டு வாரேன்க்கா."

அத்தை படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் படம்.

"பல்வலின்னு சொல்லி மீசைய எடுத்துட்டு வந்தியே. அது இதுக்குத்தானாலே?"

செல்வின் மாமா தலையைக் குனிந்துகொண்டார். கதை மெல்ல வெளியே வந்தது. அப்போது இருவரும் சிவகாசியில் ஒரே அச்சகத்தில் வேலை. அட்டைக்குப் படம் பிடிக்க வரச் சொன்ன பெண் வரவில்லை. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். "ஒல்லியா இருந்தது நான் ஒருத்தன்தான்க்கா" என்றார் செல்வின் மாமா. சேலைக்கு அக்காவின் பீரோ. ரத்தத்துக்கு அச்சகத்துச் சிவப்பு மை. அந்த மை எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

முதலில் சிரித்தது போதகர். அடக்கிப் பார்த்தார், முடியாமல் தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு சாம். ரூபி அத்தை மட்டும் சிரிக்கவில்லை. "எல்லாரும் சாப்பிட வாங்க" என்றார். குழம்பு ஆறித்தான் போயிருந்தது. மாமாவுக்கும் தம்பிக்கும் கறி விழவில்லை, வெறும் குழம்புதான்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "பைபிளு."

மறுநாள் காலையில் ரூபி அத்தையிடமிருந்து போன். சம்பந்தம் முறிந்தது என்று நினைத்துக்கொண்டே அம்மா எடுத்தாள். எனக்கும் கேட்கும்படி அத்தை சத்தமாகப் பேசினார்.

"மதினி, பிள்ளகிட்ட மத்தப் பொஸ்தகத்தையும் நல்லாத் தேடிப் பாக்கச் சொல்லுங்க. இவிய இன்னும் எத்தன பேரக் கொன்னுருக்காவன்னு எனக்குத் தெரியணும். நிச்சயத்துக்கு வரும்போது எல்லாத்தையும் கொண்டாரட்டும்."

தேடினேன். கிடைத்தது. மாமா ஒரு அட்டையில் விஷம் வைக்கிறார், இன்னொன்றில் பிணப்பெட்டிக்குள் படுத்திருக்கிறார். செல்வின் மாமா இன்னும் ஒருமுறை கதாநாயகி. இப்போது நான் அந்த வீட்டு மருமகள்; காஜா பாய் போன் செய்தால் என்னைவிட முன்னால் கிளம்பி நிற்பது ரூபி அத்தைதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்கு ஊதா நிறத்தில் ஒரு சேலை வந்துவிடுகிறது. கொண்டுவருவது செல்வின் மாமா. சலவைக்காரரிடமும் அத்தை பேச ஆரம்பித்துவிட்டார்.

போன மாதம் சபைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த போதகர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். செபிக்க எழுந்து கண்ணை மூடினார். தனராஜ் மாமா அவர் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"ஐயா, ஒரு நிமிஷம். எங்க வீட்ல ஒரு முறை இருக்கு" என்றவர், என் பக்கம் திரும்பினார். "மருமகளே, ரெண்டு கையையும் தூக்கித் தலையில வை. ம், இப்பச் செபிங்கய்யா."