சம்பந்தி வீட்டு மீன்தொட்டியில் முளைப்பாரி

மரியாதைக்குரிய சம்பந்தி பேச்சிராஜா அவர்களுக்கு, தாராவி முறுக்கு வியாபாரி பிச்சையா கைகூப்பி எழுதுவது. இங்கு நான் சுகம், என் சம்சாரம் சொர்ணம்மாள் சுகம், உங்கள் மீன்கள் இரண்டும் சுகம். ஊரில் அம்மன் கொடைத் திருவிழா நல்லபடியாக முடிந்து, நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் என் மகள் கோகிலவாணியும் கறிச்சோறு தின்று, ஆளுக்கொரு சுற்றுப் பெருத்து வாஷி வீட்டுக்குத் திரும்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை உங்கள் பட்டுவேட்டியைக் கட்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். என்னுடையது உப்புத்தண்ணீரில் நனைந்து பால்கனியில் காய்கிறது, பீரோவைத் திறந்ததும் கைக்கு எட்டியது இதுதான். உங்கள் இடுப்புக்கு வாங்கிய வேட்டி எனக்கு இரண்டு சுற்று அதிகமாக வருகிறது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

கடிதத்தைச் செருப்பு ஸ்டாண்டின்மேல் வைத்துவிட்டுப் போகிறேன். வாசலில் நின்றபடியே படித்து முடித்துவிட்டு அப்புறம் உள்ளே போகவும். வாட்ச்மேன் சொல்வதற்குமுன் நான் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், “எங்க அப்பா பாத்துக்கிடுவாவ மாமா, நீங்க கவலப்படாம கெளம்புங்க” என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்து இந்த வீட்டுச் சாவியை என் கையில் வாங்கித் தந்தவள் கோகிலா. கல்யாணமாகி இன்னும் ஒரு தீபாவளி தாண்டவில்லை. உங்கள் கடல்தண்ணீர்த் தொட்டிக்கு ஏதாவது ஆனால் நான் ரயிலேறித் தாராவிக்குப் போய்விடுவேன். பேச்சு வாங்கிக்கொண்டு இந்த வீட்டில் இருக்கப்போவது அவள்தான். நீங்கள் கத்துகிற ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். ரிடையரானதிலிருந்து சாயங்காலமானால் டீயும் கையுமாக அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவீர்களாம். கெட்டுப்போன தொட்டிக்கு முன்னால் நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருப்பதை அவள் தினமும் பார்க்க வேண்டுமே, அதுதான் எனக்குப் பயம்.

சாவியைத் தரும்போது நீங்கள், “ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரு சிட்டிகை சாப்பாடு போதும்” என்று விரலைக் குவித்துக் காட்டினீர்கள். சம்பந்தி, மனதில் உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அன்றைக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஒரு சிட்டிகையில் பல்லிடுக்குகூட நிறையாது. மீனுக்குத் தீனி போட்டால் புண்ணியம் என்று பாபநாசத்துப் படித்துறையில் பொரியை அள்ளி அள்ளி வீசி வளர்ந்த கை இது. அதனால் நீங்கள் சொன்ன சிட்டிகையை உங்கள் கணக்கில் போட்டேன், ஒரு பிடி பொரியை என் கணக்கில் போட்டேன், சொர்ணம்மாள் அவள் பங்குக்குக் கொஞ்சம் முறுக்குத்தூள் தூவினாள். பூட்டிய வீடு இருட்டாகக் கிடக்கக்கூடாது, மூதேவி வந்து உட்கார்ந்துவிடுவாள் என்று தொட்டி விளக்கையும் ராப்பகலாக எரியவிட்டாள். ஆக, உங்கள் மீன்கள் உங்கள் காலத்தில் காணாத சாப்பாட்டையும் வெளிச்சத்தையும் எங்கள் காலத்தில் கண்டன.

முறுக்கு வியாபாரத்தில் நடுவில் சில நாள் வர முடியாமல், அடுத்த வாரம் நாங்கள் வந்து கதவைத் திறந்தால், தொட்டிக்குள் பச்சைப் பசேலென்று முளைத்திருக்கிறது. கல்லின்மேல், பவளத்தின்மேல், கண்ணாடியின்மேல், எங்கே பார்த்தாலும் விரல் நீளத்துக்கு நார்நாராய் நின்று ஆடுகிறது. நான் வாயைத் திறப்பதற்குள் சொர்ணம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டாள்.

“ஏங்க, முளைப்பாரிங்க! அங்க ஊர்ல அம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு, இங்க சம்பந்தி வீட்ல விதை போடாமலே முளைச்சு நிக்கிது பாருங்க!”

“ஏட்டி, இது தண்ணிக்குள்ளல்லா முளைச்சிருக்கு?”

“அம்மனுக்குத் தண்ணியாவது தரையாவது! கும்பிடுங்க முதல்ல.”

கும்பிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து பழகிய காரியம்தானே. மறுநாள் அவள் எங்கள் சந்துப் பெண்களைத் திரட்டி ஹார்பர் லைன் ரயிலில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டாள். உங்கள் ஹாலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தொட்டியைப் பார்த்தபடி கும்மி கொட்டினார்கள், குலவை போட்டார்கள், ஒவ்வொருத்தியும் கைநிறையப் பொரி போட்டாள். சத்தம் கேட்டுக் கீழ்வீட்டு ஷிண்டே மேலே ஓடிவந்து, “ஷாதி ஹை க்யா?” என்று, கல்யாணமா என விசாரித்தார். பூஜை என்று சொன்னேன். மனுஷர் பாவம், அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ஒரு பிடி போட்டுவிட்டுப் போனார். முளைப்பாரி அந்த வாரம் செழித்த செழிப்பை நான் எந்த ஊர்க் கொடையிலும் கண்டதில்லை.

அப்போதுதான் கோகிலா ஊரிலிருந்து ரகசியமாகப் போன் செய்தாள். “யப்பா, மாமா பக்கத்துலதான் இருக்காவ. தொட்டித் தண்ணி தெளிவா இருக்கான்னு கேக்காவ.”

“தண்ணி தெளிவாத்தான் இருக்கு. மீனுதான் தெரியல.”

பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டு, “யப்பா, நான் சொல்லித்தான் ஒங்க கையில சாவியக் குடுத்தாவ” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் யாரையும் கேலி பேசிச் சமாளித்துவிடுவேன், அந்த ஒரு வார்த்தையிடம் மட்டும் என் கேலி செல்லாது.

உடனே செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டு செம்பூரில் மீன்கடை வைத்திருக்கும் ராஹிலிடம் ஓடினேன். காயல்பட்டணத்துக்காரர். படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது பாசி. நீங்க மீன் வளக்கல, பாசி வளத்திருக்கீங்க. என்ன போட்டீங்க?”

“பொரி. கொஞ்சம் முறுக்குத்தூளு.”

“டீ குடுக்கலியா?”

மீன் தின்றது போக மிச்சமெல்லாம் அழுகி, அதைப் பாசி தின்கிறதாம், போதாததற்கு விளக்கு வேறு வெயில் மாதிரி அடித்திருக்கிறதாம். இப்படியே விட்டால் பவளம் மூச்சுமுட்டிச் செத்துவிடும் என்றார். “லைட்ட பந்த் பண்ணுங்க, தொட்டியப் போர்வையப் போட்டு மூடுங்க. பாசியக் கையாலயே பிடுங்குங்க. பொரியத் தூக்கி வெளிய போடுங்க. தண்ணிய வாளி வாளியா எடுத்துட்டு, நான் தார கடல் உப்பக் கரைச்சுப் புதுத்தண்ணி ஊத்துங்க” என்று சொல்லி, பாசி தின்பதற்கென்று சில நத்தைகளையும் ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். அதைச் செம்பூரிலிருந்து வாஷி வரைக்கும் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்தவர் என்ன என்று கேட்டார். வேலைக்கு ஆள் கூட்டிப் போகிறேன் என்றேன்.

சொர்ணம்மாள் தொட்டிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். “கொடை முடியாம முளைப்பாரியப் பிடுங்குவாவளா? எம்மவ வாழுத வீடுங்க இது!” நானும் ராஹில் சொன்னதை எல்லாம் சொன்னேன். அந்த ஆளுக்கு நம்ம அம்மனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாள். மகளுக்காகத்தான் பிடுங்க வேண்டும் என்கிறேன், மகளுக்காகத்தான் பிடுங்கக்கூடாது என்கிறாள். இரண்டு பேரும் ஒரே பிள்ளைக்காகத் தொட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று சண்டை போட்டோம். மீன்கள் நடுவில் எங்கேயோ இருந்தன.

கடைசியில் தீர்த்து வைத்தவள் உங்கள் மருமகள்தான். “யம்மா, இங்க கொடை முடிஞ்சு முளைப்பாரிய ஆத்துல கரைச்சாச்சு. கரைக்காம வச்சிருந்தா அம்மனுக்குக் கோவம் வரும்லா? நீங்களும் கரைச்சிருங்க” என்று போனில் ஒரு போடு போட்டாள். இப்படி ஒரு மூளை உங்கள் குடும்பத்துக்கு வந்து சேர்ந்திருப்பதை நீங்கள் அவசியம் கவனிக்க வேண்டும்.

அப்புறம் சொர்ணம்மாளை யாரால் பிடிக்க முடியும்? சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு இழை விடாமல் அவளே பிடுங்கினாள். சந்துபொந்தில் இருந்ததை நான் ஒரு பல்விளக்கும் பிரஷால் தேய்த்தெடுத்தேன். குளியலறையில் இருந்த சிவப்புப் பிரஷ், உங்களுடையதாக இருக்காது என்று நினைக்கிறேன். பாசியை எல்லாம் நார்ப்பெட்டியில் நிறைத்து, பூச்சூட்டி, அவள் தலையில் சுமந்து, குலவையோடு போய் வாஷி உப்பங்கழியில் கரைத்துவிட்டு வந்தோம். பிறகு தொட்டியைப் போர்வையால் மூடி வைத்தோம். நத்தைகள் உள்ளே வேலை பார்த்தன. இன்று காலையில் போர்வையை எடுத்தால், கண்ணாடி கண்ணாடியாக இருக்கிறது, கல் கல்லாக இருக்கிறது, பவளம் பூவாக விரிந்திருக்கிறது, மீன் இரண்டும் என்னை அடையாளம் கண்டுகொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டன. உங்கள் தொட்டி நீங்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது. கோகிலா கொடுத்த வாக்குக்குப் பழுதில்லை. உள்ளே போய், டீ போடச் சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு நிம்மதியாக உட்காருங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், வம்சம் தழைக்கட்டும், அந்தப் பாசி தழைத்த வேகத்தில் வேண்டாம், நிதானமாகவே தழைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி,
பிச்சையா

பின்குறிப்பு: கடைசியாக ஒரே ஒரு வாளி பழைய தண்ணீரை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று ராஹில் சொல்லியிருந்தார். ரப்பர்க் குழாயின் ஒரு முனையைத் தொட்டியின் அடிவரை இறக்கி, மறுமுனையை வாயால் உறிஞ்சி வாளிக்குள் போட்டுவிட்டு, அது நிறையும்வரை சும்மா இருப்பானேன் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கடிதம் நினைத்ததைவிடக் கொஞ்சம் நீளமாகிவிட்டது, வாளி அதற்கு முன்பே நிறைந்துவிட்டது. மீன்கள், நத்தைகள், பவளம் எல்லாவற்றையும் வாளியில் எடுத்து வைத்திருக்கிறோம். சொர்ணம்மாள் உப்புக் கரைத்துக்கொண்டிருக்கிறாள். கோகிலாவை ஒன்றும் சொல்ல வேண்டாம், அவள் அப்போது உங்களோடு ரயிலில் இருந்தாள். கீழ்வீட்டு ஷிண்டே இப்போதுதான் மேலே வந்தார். அவர் வீட்டு மேற்கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று கேட்கிறார்.