கைக்குட்டை அளவில் ஒரு கடற்கரை

கடலை உள்ளங்கையில் அடக்கிக் குடித்தாரே அகத்தியர், அவருக்குப் பிறகு பெரியதைச் சிறியதாக்கும் கலையில் மனித குலம் கண்ட மாபெரும் வெற்றி, 1974ஆம் ஆண்டு செங்கல்பட்டில், எங்கள் கரையோர விடுதிகள் திட்ட அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் நிகழ்ந்தது. அந்த வேள்வியில் நானும் ஒரு சுள்ளி என்பதைத் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் பிரிவுத் தலைவர் பக்தவத்சலம் ஒருநாள் பீரோவைத் திறந்தார். ஆறடி நீள வரைபடச் சுருள் ஒன்று அவர் தலையில் விழுந்தது. பெரிய மனிதர் தலையில் எது விழுந்தாலும் அது திட்டமாகிவிடும். மறுநாளே உத்தரவு வந்தது: ஒவ்வொரு வரைபடமும் ஒரே முழுத்தாளுக்குள் அடங்க வேண்டும், "தகவல் எதுவும் சேதமாகக் கூடாது."

"ஆறடியை எப்படி சார் ஒரு தாளில் அடக்குவது?" என்று கேட்டேன்.

"வேண்டாத கோடுகளை எடுத்துவிடு. இதோ, பாதை என்று விட்டுவிட்டுப் போட்ட கோடு. இதில் பாதி ஏற்கெனவே இல்லை. மீதியையும் எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?"

என்ன ஞானம்! எனக்குப் புல்லரித்தது.

பதிவறை எழுத்தர் ரெபேக்காளுக்கு மட்டும் புல்லரிக்கவில்லை. "நகலையும் அசலையும் ஒத்துப் பார்க்கிற வரைக்கும் அசல் பீரோவிலேயே இருக்கட்டுமே சார்?"

"ஒத்துப் பார்த்தால் அதற்கு ஒரு கோப்பு போட வேண்டும். சுருக்குகிற இடத்தில் கோப்பைப் பெருக்கச் சொல்கிறாயா?"

ஒத்துப் பார்க்காமலேயே "சேதமில்லை" என்ற சான்றிதழில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அசல்கள் வீண்போகவில்லை. அந்தக் காலத்தில் வரைபடம் போடுவது கஞ்சி ஏற்றிய மெல்லிய துணியில். வெந்நீரில் ஊறவைத்தால் கஞ்சியும் மையும் கரைந்து, அருமையான மல் துணி கிடைக்கும். வரைபடக்காரர்கள் வீட்டுக் குழந்தைகள் அதில்தான் சட்டை போட்டு வளர்ந்தன. நாங்கள் ஒரே சுருளிலிருந்து கைக்குட்டைக்கு ஆளுக்கொரு துண்டு வெட்டிக்கொண்டோம். "இன்னா சோப்பு போட்டாலும் இந்தக் கோடு போவ மாட்டேங்குதே!" என்று என் மனைவி கண்ணகி மட்டும் அலுத்துக்கொண்டாள்.

சித்திரை பிறந்தது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து சோடாக் கடை ஜெய்புன்னிசா மூச்சிரைக்க வந்து நின்றார்.

"இன்னா சார் அநியாயம் இது? விடுதிக்கு செவுரு கட்றோம்னு என் வூட்டுப் பாதைய அடைச்சிட்டாங்க. திருக்கழுக்குன்றம் தேருக்கு சோடா போவணும். வருசத்துக்கு ஒரு யாவாரம். வண்டி எப்டி வெளிய வரும்?"

பக்தவத்சலம் முழுத்தாளைப் புரட்டினார். "படத்தில் பாதையே இல்லையேம்மா. இல்லாத பாதையை எப்படி அடைக்க முடியும்?"

"அப்போ இத்தினி வருசமா நான் இன்னா பறந்துகினா கெடந்தேன்?"

"இன்றைக்கு எப்படி வந்தீர்கள்?"

"செவுரு ஏறிக் குதிச்சி!"

"எழுதிக்கொள்," என்றார் என்னிடம். "மாற்று வழி உள்ளது."

அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். "அளக்க வந்தது நீதான அண்ணாத்த? எட்டடிப் பாதைன்னு நீதான போட்டுக்கினு போன. எங்க வூட்ல பன்னீர் சோடா கூட குடிச்சியே!"

"பல இடங்களில் குடித்திருக்கிறேன்," என்றேன். உண்மையில், ரெண்டு சோடா குடித்திருந்தேன்.

ரெபேக்காளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் கைக்குட்டையை எடுங்க!" என்று அதட்டினாள். மேசைமேல் ஒவ்வொன்றாக விரித்து வைத்தாள். மங்கலாகத் தெரிந்தது சதுரங்கப்பட்டினம். பக்தவத்சலத்தின் கைக்குட்டையில் கடற்கரை, கணக்கரின் கைக்குட்டையில் சவுக்குத் தோப்பு, பியூன் சாலமோனின் கைக்குட்டையில் கோட்டைச் சுவர். நடுவில் ஒரு துண்டு இடம் மட்டும் காலி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஜலதோஷம்," என்றேன். "நாலு பேர் பார்க்கிற நிலையில் அது இல்லை."

ஜெய்புன்னிசா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். துண்டை எடுத்துப் போட்டால் பாதை திறக்கும். என் சான்றிதழும் வேலையும் போகும். சட்டைப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கையால் "அசல் கிடைக்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். பக்தவத்சலம் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

தேர் ஓடியது. சோடாப் பெட்டிகள் சுவருக்கு உள்ளேயே கிடந்தன. அந்த வருடமே எனக்குப் பதவி உயர்வும் வந்தது.

ஆனாலும் எங்கள் பிரிவை யாரும் குறை சொல்லிவிட முடியாது. நான் கையெழுத்துப் போட்ட சான்றிதழில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. தகவல் எதுவும் சேதமாகவில்லை. ஜெய்புன்னிசாவின் எட்டடிப் பாதை, ஒரு கோடுகூடக் குறையாமல், என் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.