முத்திரை கலையாத பொட்டலம்

கையெழுத்தைப் போட்டுக் கொடுத்த பிறகுதான் ஜூனியர் வக்கீல் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அரக்கு முத்திரை பிய்ந்து தொங்கியது. உள்ளே தூக்க மாத்திரை அட்டைகள் இருந்தன. மாத்திரைகள்தான் இல்லை.

'முத்திரை கலையாமல் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதி வாங்கிக்கொண்ட சுங்க அலுவலகப் பியூன், அதற்குள் வராந்தா முனை திரும்பிவிட்டார்.

அவர்களுடைய கட்சிக்காரக் கம்பெனி ஏற்றுமதிக்கு அனுப்பிய மாத்திரைகளை, 'இது மருந்தே இல்லை, வெறும் சுண்ணாம்பு' என்று மறித்த சுங்க அதிகாரி, கம்பெனியையே விழுங்குகிற அளவுக்கு அபராதம் போட்டிருந்தார். அதை எதிர்த்துத்தான் வழக்கு. அவர் வசம் இருந்த இந்தப் பொட்டலத்தை இன்று நீதிபதி முன் வைத்து, மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

சீனியரின் அறைக்கு ஓடினாள். டைப்பிஸ்ட் அக்கா மட்டும் இருந்தாள்.

"போச்சுக்கா! நாமதான் எடுத்துட்டோம்னு சொல்லுவாங்க. சீனியர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரு. எங்கப்பா தெரு முழுக்க 'என் பொண்ணு வக்கீலு'ன்னு சொல்லி வச்சிருக்காரு!"

"படிச்சுப் பார்க்காம கையெழுத்துப் போடக் கூடாதுன்னுதானே அந்த மனுஷன் உன்னைப் படிக்க வச்சாரு?"

"குத்திக்காட்டாதீங்க. வழி சொல்லுங்க."

வழி சீனியரின் மேசைமேல் இருந்தது. அவருடைய நெஞ்செரிச்சல் மாத்திரை. அதே வெள்ளை, அதே வட்டம். காலிக் குழிகளில் திணித்தார்கள். கிழிந்த தாள் மூட மறுத்தது. பசை தடவினார்கள். பாதி மாத்திரை கூழாகிவிட்டது. மீதி நொறுங்கி அவள் கறுப்புக் கோட்டில் அப்பியது. புது அரக்கு உருக்கும்போது பொட்டலத்தின் மூலை தீப்பிடித்தது. அக்கா தன் டீயை ஊற்றி அணைத்தாள்.

"இதுவும் நல்லதுக்குத்தான். பார்க்கப் பழசாத் தெரியும்."

சீனியர் உள்ளே நுழைந்தார். "ஏம்மா, என் மாத்திரை எங்கே? நெஞ்சு எரியுது."

"தீர்ந்துபோச்சு சார்," என்றாள் ஜூனியர். அவளுக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

கோர்ட்டில் நீதிபதி பொட்டலத்தை விரல் நுனியால் பிடித்தார், டீக்கறையை முகர்ந்தார், அவள் கோட்டை ஒருமுறை பார்த்தார்.

"ஆய்வகத்துக்கு அனுப்புங்க."

போன உயிர் திரும்பி வந்தது. நெஞ்சைத் தடவிக்கொண்டே சீனியர் முனகினார்: "அந்த மாத்திரை ஒண்ணு இருந்திருந்தா நல்லா இருக்கும். வேற ஒண்ணுமில்லம்மா, சுத்தச் சுண்ணாம்பு. ஆனா உடனே கேக்கும்."

வந்த உயிர் மறுபடி கிளம்பியது. எதிர்த்தரப்பு சொன்னதை அவளே அட்டை அட்டையாக நிரூபித்து, அரக்கும் வைத்துக் கொடுத்திருக்கிறாள்!

பின்னாலிருந்து சுங்க அலுவலகப் பியூன் காதருகே குனிந்தார்.

"மேடம், உங்க கம்பெனியில சொல்லி இன்னும் ரெண்டு அட்டை வாங்கித் தர்றீங்களா? பொட்டலத்துல இருந்ததையெல்லாம் அபராதம் போட்ட எங்க ஐயாவே போட்டு முடிச்சுட்டாரு, இப்ப அது இல்லாம அவருக்குப் பொட்டுத் தூக்கம் வரமாட்டேங்குது."